நான்கு மாதத்துக்கு ஒரு குளிர் அறை: நங்கநல்லூர் வாடகை வீட்டில் ஏசி தேர்ந்தெடுத்த கதை

தலைப்பிரசவத்துக்காக என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தது மார்ச் மாதக் கடைசியில். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் ஏப்ரல் நான்காம் வாரம். பிறக்கும் குழந்தையோடு அவள் ஆகஸ்ட் வரை எங்களுடன் இருப்பாள் என்பது இரு வீட்டாரும் பேசிச் செய்துகொண்ட ஏற்பாடு. நாங்கள் இருப்பது சென்னை நங்கநல்லூரில், ஒரு தனி வீட்டின் முதல் மாடியில், வாடகைக்கு. கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மா இருக்கிறார். எங்கள் தலைக்கு மேலே மொட்டைமாடிதான். ஒன்பது ஆண்டுகளாக மின்விசிறியையும் திறந்த ஜன்னலையும் நம்பியே கோடையைக் கழித்துவந்த நானும் என் மனைவியும் ஏசி வைப்பதைப் பற்றி நினைத்ததே இல்லை. ஆனால் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் கத்திரி வெயில் முழுவதும் ஒரு பச்சைக் குழந்தையின் முதல் மாதத்தில் வந்து விழுகிறது என்பதை நாள்காட்டியில் பார்த்த அன்று, இந்த ஆண்டும் அப்படியே இருந்துவிட முடியாது என்று தெரிந்துவிட்டது.

ஆகவே தேவை நான்கு மாதத்துக்கு. இடம் ஒரே ஓர் அறை. வீடு எங்களுடையது அன்று. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு எதைத் தேர்ந்தெடுத்தோம், எவற்றை ஏன் விலக்கினோம், எங்கே தவறு செய்து திருத்திக்கொண்டோம் என்பதை இங்கே எழுதுகிறேன். தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எதையும் அளந்து பார்த்து, கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் முதலில் கேட்டது ‘எத்தனை டன் சார் வேணும்?’ என்றுதான். வாடகை வீட்டில் முதலில் கேட்கவேண்டியது அதுவன்று. அறையிலிருந்து எடுக்கும் வெப்பத்தையும் ஈரத்தையும் எந்த வழியாக வெளியே அனுப்பப் போகிறோம், அந்த வழிக்கு வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்பதைத்தான் முதலில் தீர்க்கவேண்டும். இது எனக்குப் புலப்பட மூன்று வாரம் ஆயிற்று.

அறையின் நிலை

பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம், பத்தடி உயரம். மேற்குச் சுவர் வெயிலில் நேராக நிற்கிறது. வடக்கில் ஒரே ஜன்னல். அது பால்கனியைப் பார்த்தது. பழைய தேக்குச் சட்டம், மூன்று மூன்று கண்ணாடிகள் பதித்த இரண்டு கதவுகள், சட்டத்துக்குள் ஊடுருவிப் பதித்த இரும்புக் கம்பிகள். ஜன்னலுக்கு மேலே கூரையை ஒட்டிக் கண்ணாடிப் பட்டைகள் வைத்த சிறிய வென்டிலேட்டர்.

ஏப்ரல் முதல் வாரத்தில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி, கட்டில் உயரத்தில் வைத்து ஐந்து நாள் குறித்துக்கொண்டேன். பிற்பகல் இரண்டு மணிக்கு 34 டிகிரி செல்சியஸ் காட்டிய அறை, இரவு ஒன்பது மணிக்கு 35.5 காட்டியது. அதே நேரத்தில் பால்கனியில் 30 டிகிரிதான். பொழுது சாய்ந்த பிறகு வெளியே குளிர, உள்ளே சூடு ஏறுகிறது என்றால் வெப்பம் காற்றின் வழியாக வரவில்லை என்று பொருள். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், அதை ஆறேழு மணி நேரம் கழித்து இரவில் கீழே இறக்குகிறது. மாலை ஆறு மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தபோது 41 டிகிரி இருந்தது. மாடி வீட்டில் குடியிருப்பவர்கள் மின்விசிறியைப் போட்டால் ‘அனல் காற்று வருகிறது’ என்று சொல்வது வெறும் பேச்சன்று. கூரையை ஒட்டிய சூடான காற்றைத்தான் அது கீழே தள்ளுகிறது.

இதனால் எந்த எந்திரத்தையும் பார்ப்பதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை மொட்டைமாடியில் இருந்தது. அறைக்கு நேர் மேலே உள்ள பகுதியிலும் அதைச் சுற்றி மூன்றடியிலும் தட்டோட்டின் மேல் பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடிக்கச் செய்தேன். இதற்கு வீட்டுக்கார அம்மா உடனே சம்மதித்தார். நான்கு நாள் காய்ந்த பிறகு, ஏறக்குறைய அதே வெயில் அடித்த ஒரு நாளில் மாலை ஆறு மணிக்குக் கூரையின் அடிப்பக்கம் 36 டிகிரி காட்டியது. அறையின் வெப்பமும் இரண்டு டிகிரிக்குமேல் இறங்கியது. கறுத்துப்போன தட்டோடு வெயிலின் பெரும்பகுதியை உள்வாங்கும். வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மழைக்காலத்தில் அது கரைந்துபோகும் என்பது உண்மைதான், ஆனால் நான்கு மாதத் தேவைக்கு அதுவே போதும். நான் செய்த செலவுகளில் இதைவிடப் பலன் தந்தது வேறொன்றும் இல்லை.

விலக்கியவை

முதலில் வந்தது ஏர் கூலர். என் மைத்துனர் வேலூரில் இருக்கிறார். அவர் வீட்டில் அது நன்றாக வேலை செய்வதை நானே அனுபவித்திருக்கிறேன். தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் இதமாக இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் அறையின் ஈரப்பதம் 68 விழுக்காட்டிலிருந்து 86-க்கு ஏறி, போர்வை நசநசவென்று ஆகிவிட்டது. மகளுக்குப் புழுக்கம் முன்னைவிட அதிகமாயிற்று.

காரணம் எளிது. கூலர் வெப்பத்தை வெளியே அனுப்புவதில்லை. தண்ணீரை ஆவியாக்கி, காற்றின் சூட்டை அந்த ஆவிக்குள் ஒளித்துவைக்கிறது. எவ்வளவுதான் தண்ணீர் ஊற்றினாலும் காற்றை அதன் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அந்தக் காற்றில் காட்டும் அளவுக்கு, கீழே அதனால் இறக்க முடியாது. சென்னையில் ஒரு மே மாத இரவில் 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அந்த எல்லை 27 டிகிரி. மிக நல்ல கூலர்கூட நடைமுறையில் அதைத் தொடுவதில்லை. அப்போதும் கிடைப்பது 28 டிகிரியில் ஈரம் சொட்டும் காற்று. வியர்வை காய வழியில்லாத அந்தக் காற்றில் பச்சைக் குழந்தைக்கு வேர்க்குரு வருவதைத் தடுக்க முடியாது. கடற்காற்று எட்டாத வறண்ட ஊர்களில் நல்ல பொருள். நங்கநல்லூரில் அதற்கு வேலையில்லை.

அடுத்தது சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி. வாடகை வீட்டுக்காரர்களுக்கென்றே செய்தது என்று கடையில் சொல்லி விற்கிறார்கள். சுவரில் ஓட்டை வேண்டாம், ஆள் வந்து மாட்டவேண்டாம், வீடு மாறும்போது தள்ளிக்கொண்டே போய்விடலாம். என் மகனுக்கும் மருமகனுக்கும் இதுதான் பிடித்திருந்தது. ‘அப்பா, நாலு மாசத்துக்கு இதைவிட வசதி என்ன இருக்கு?’ என்று மகன் கேட்டது நியாயமான கேள்விதான். விலை முப்பத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. அதையும் அவன் தருவதாகச் சொன்னான். இதைப் பற்றி விரிவாக எழுதவேண்டும், ஏனென்றால் பலர் ஏமாந்துபோவது இங்கேதான்.

இந்த எந்திரத்தின் பின்னால் ஐந்தங்குல அகலத்தில் ஒரு நெளிகுழாய் இருக்கிறது. சூடான காற்று அதன் வழியாக ஜன்னலுக்கு வெளியே போகிறது. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? எந்திரம் அதே அறையிலிருந்துதான் அதை எடுக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 340 கன மீட்டர் காற்றை அது வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்வகை எந்திரங்களில் 300 முதல் 400 வரை இருப்பது வழக்கம். என் அறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். அதாவது ஒரு மணி நேரத்தில் பத்து முறை அறையின் காற்று முழுவதும் வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்கு வெளிக்காற்று கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு, வென்டிலேட்டர் என்று கிடைத்த வழியில் எல்லாம் உள்ளே வந்தே தீரும். எந்திரம் தானே குளிர்வித்த காற்றைத் தானே வெளியே எறிந்துவிட்டு, புழுக்கமான காற்றை வரவழைத்துக்கொள்கிறது.

அந்தக் காற்றின் சுமையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 30 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீர் இருக்கிறது. அறையை 26 டிகிரியிலும் 55 விழுக்காட்டிலும் வைக்கவேண்டுமானால் அதில் 13 கிராம்தான் இருக்கலாம். ஆக ஒவ்வொரு கன மீட்டருக்கும் 11 கிராம். மணிக்கு 340 கன மீட்டருக்கு மூன்றரை லிட்டருக்கும் அதிகமான நீரை எந்திரம் பிழிந்தெடுக்கவேண்டும். இதோடு காற்றின் சூட்டையும் சேர்த்தால் சுமை மூன்று கிலோவாட்டைத் தாண்டுகிறது. ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறனே 3.5 கிலோவாட்தான். கூரையும் சுவரும் மனிதர்களும் தரும் வெப்பத்துக்கு மிச்சம் இருப்பது பத்தில் ஒரு பங்கு. அந்த எந்திரம் ஓடும், சத்தம் போடும், மின்சாரத்தை இழுக்கும். அதன் முன்னால் நிற்பவருக்குக் குளிரும். ஆனால் அறை 26 டிகிரிக்கு வராது. அமெரிக்காவில் எரிசக்தித் துறை 2016-இல் இவ்வகை எந்திரங்களுக்கெனத் தனிச் சோதனை முறையை வகுத்த பிறகு, பழைய முறையில் 12,000 பிடியூ (மணிக்கு எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதன் அளவு; ஒரு டன்னுக்குச் சமம்) என்று விற்கப்பட்டவை புதிய முறையில் அதில் பாதியை ஒட்டிய எண்ணைக் காட்டுவது இந்தக் காரணத்தால்தான். வெளிக்காற்றை ஒரு குழாயில் இழுத்து மற்றொன்றில் அனுப்பும் இரட்டைக் குழாய் வகையில் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை. நான் போன கடைகளில் அது கிடைக்கவில்லை.

மகனிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘சரிப்பா, விட்டுடலாம்’ என்றான்.

விண்டோ ஏசியைப் பற்றி எனக்கு மிகவும் நல்ல அபிப்பிராயம். வெப்பத்தை நேராக வெளியே விடும், செப்புக் குழாய் வேலை இல்லை, ஒரே பெட்டி. பழைய சென்னை வீடுகள் பலவற்றில் ஜன்னலுக்குக் கீழே அதற்கென்றே விட்ட ஓட்டையைப் பலகையால் மூடிவைத்திருப்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் வேறெதையும் யோசிக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அது இல்லை. ஜன்னல் கம்பிகளோ தேக்குச் சட்டத்துக்குள் பதிந்தவை. திருகாணி போட்ட கிரில்லாக இருந்தால் கழற்றி வைத்துவிட்டுப் போகும்போது மாட்டியிருக்கலாம். கம்பியை அறுத்துவிட்டால் பழையபடி ஆக்க முடியாது. ஆகவே அதையும் விட்டோம்.

சுவரைத் துளைக்காமல்

மிஞ்சியது ஸ்பிளிட் ஏசி. நான்கு மாதத்துக்காகப் புதிதாக வாங்குவதில் பொருளில்லை. பழையது பதினைந்தாயிரத்துக்குக் கிடைத்தது. ஆனால் அதன் கம்ப்ரசர் எத்தனை நாள் தாங்கும், கேஸ் கசிகிறதா என்பதை வாங்கும் நாளில் அறிய வழியில்லை. கோடைக்கு வாடகைக்குத் தரும் நிறுவனங்கள் சென்னையில் பல இருக்கின்றன. ஒரு டன் எந்திரம் மாதம் 1,700 ரூபாய், குறைந்தது மூன்று மாதம், மாட்டிக் கழற்ற 2,000, திருப்பித் தரும் முன்பணம் 3,000 என்று ஒரு நிறுவனத்தில் பேசி முடித்தேன். எந்திரம் பழுதானால் 48 மணி நேரத்துக்குள் மாற்றித் தரவேண்டும் என்ற வரியை ரசீதிலேயே எழுதி வாங்கினேன். பிறகு அந்த வரிதான் எங்களைக் காப்பாற்றியது.

இடம் பார்க்க வந்த மெக்கானிக், மேற்குச் சுவரில் இரண்டரை அங்குல ஓட்டை போடவேண்டும், பத்து நிமிட வேலை என்றார். நான் கீழே போய் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

‘குழந்தைக்குத்தானே, தாராளமா வெச்சுக்கோங்க சார். சுவத்துல ஓட்டை மட்டும் வேண்டாம். முன்னாடி டிஷ் ஒயருக்குன்னு போட்ட ஓட்டையில மழைத் தண்ணி இறங்கி, ரெண்டு வருஷம் உள்பக்கம் பெயிண்ட் உரிஞ்சுண்டே இருந்தது. நீங்க போனப்புறம் அந்தச் சுவரோட நான்தானே இருக்கணும்?’

அவர் சொன்னது முற்றிலும் சரி என்றே நினைக்கிறேன். குடியிருப்பவருக்கு நான்கு மாதத் தேவை. வீட்டுக்காரருக்கு அந்தச் சுவர் ஆயுள் முழுவதற்கும். அந்தக் கவலையைத் தீர்க்கும் பொறுப்பு கேட்பவர் மேல்தான் இருக்கிறது.

ஜன்னல் கதவில் மேலே உள்ள கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே அளவில் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை வைத்து, அதில் ஓட்டை போட்டுக் குழாய்களைக் கம்பிகளுக்கு நடுவே வெளியே எடுப்பது என்று யோசனை தோன்றியது. கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டால், போகும் நாளில் திரும்பப் பதித்துவிடலாம். மெக்கானிக் இதைவிட எளிதாக, வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டை ஒன்றை எடுத்துவிட்டு அதன் வழியாக விடலாமே என்றார். முதல் பார்வைக்கு அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. ஆனால் செப்புக் குழாய் மேலே ஏறலாம், தண்ணீர் வடியும் ட்ரெயின் குழாய் ஏற முடியாது. குளிர்ந்த சுருளில் சேரும் நீர் தன் எடையால் கீழ்நோக்கித்தான் வடியும். வென்டிலேட்டர், உள் எந்திரத்தைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது. அந்த வழியில் விட்டிருந்தால் முதல் இரவே தண்ணீர் திரும்பிக் கட்டிலின் மேல் சொட்டியிருக்கும். ஜன்னல் கண்ணாடியோ எந்திரத்துக்கு ஓரடி கீழே இருந்தது; சரிவு தானாகவே கிடைத்தது. சென்னை ஈரத்தில் ஓர் இரவுக்குப் பத்து லிட்டர்வரை வடிந்தது. அதைப் பால்கனியில் வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிவந்தோம்.

உள் எந்திரத்தைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்கு மட்டும் சுவரில் நான்கு திருகாணிகள் தேவை. இதையும் கண்ணாடி மாற்றுவதையும் புதிய மின் இணைப்பையும் ஒரு தாளில் எழுதி, போகும்போது பழையபடி செய்து தருகிறேன் என்று உறுதி கூறி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம். ஒன்பது ஆண்டுப் பழக்கத்தில் இது தேவையா என்று என் மனைவி வருத்தப்பட்டாள். பழக்கம் கெடாமல் இருக்கத்தான் எழுதினோம். வீட்டுக்கார அம்மாவுக்கும் அதில் நிம்மதி இருந்ததை முகத்தில் பார்க்க முடிந்தது.

மின் இணைப்பில் சிக்கனம் பார்க்கக் கூடாது. அந்த அறையில் இருந்தவை எல்லாம் 6 ஆம்பியர் பிளக்குகள். 16 ஆம்பியர் பிளக் குளியலறை கீசருக்கு மட்டும்தான் இருந்தது. அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு இழுத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். விடியவிடிய மின்சாரம் இழுக்கும் கம்ப்ரசரை அப்படித் தற்காலிக ஒயரில் ஓட்டுவது, உருகி எரிவதற்கு வழி செய்து வைப்பதாகும். அதுவும் பிரசவித்த பெண்ணும் குழந்தையும் தூங்கும் அறையில். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரைத் தனியாக இழுத்து, எர்த் கொடுத்து, மின்சாரம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் 20 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் ஒன்றையும் வைத்தோம். எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு வோல்டேஜ் 198-க்கு இறங்குவதை மீட்டரில் பார்த்திருந்ததால் ஸ்டெபிலைசரையும் கேட்டு வாங்கினேன்.

கடைசியில்தான் டன் கேள்வி வந்தது. மாடி அறை, மேற்குச் சுவர் என்பதால் ஒன்றரை டன் எடுங்கள் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். ஒரு டன் என்பது எந்திரத்தின் எடையன்று. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்ப அளவு, அதாவது மணிக்கு 12,000 பிடியூ. கூரையின் சூட்டைச் சுண்ணாம்பால் குறைத்துவிட்ட பிறகு 120 சதுர அடிக்கு அது போதும் என்று கணித்தேன். வேறொரு காரணமும் இருந்தது. வாடகைக்குக் கிடைத்தது, தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வர்ட்டர் வகையன்று. அளவுக்கு மிஞ்சிய எந்திரம் அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். கம்ப்ரசர் ஓடும் நேரம் குறைந்தால் காற்றிலுள்ள ஈரம் முழுமையாக இறங்காது. எங்களுக்குக் குளிரைவிட ஈரம் குறைவதுதான் முக்கியம்.

எந்திரம் வந்த பிறகு

ஏப்ரல் 20 அன்று மாட்டினார்கள். சன்ஷேடின் மேல் எடை ஏற்ற விருப்பமில்லாததால் அவுட்டோர் யூனிட்டைப் பால்கனித் தரையில் ரப்பர் கட்டைகளின் மேல் வைத்தோம். இதில் நானே ஒரு தவறு செய்துவிட்டேன். பால்கனியின் கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம்; யூனிட்டோ இரண்டடிக்கும் குறைவு. அதன் விசிறி தள்ளிய சூடான காற்று கைப்பிடிச் சுவரில் மோதித் திரும்பிப் பின்புறமாக மறுபடி உள்ளே போயிற்று. இரவில் ஓரளவு ஓடியது. மூன்றாம் நாள் பிற்பகலில் போட்டபோது அரை மணி நேரத்தில் கம்ப்ரசர் சூடாகி நின்றுவிட்டது. மெக்கானிக் கேஸ் குறைவு என்றார். நான் அவுட்டோர் யூனிட்டின் பின்னால் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 49 டிகிரி. வெளியே அப்போது 37. பழைய இரும்பு ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி, மூன்றடி உயரத்தில் தூக்கி வைத்து, காற்று கைப்பிடிச் சுவருக்கு மேலாகத் திறந்த வெளிக்குப் போகும்படி செய்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. எதிர் வீட்டு ஜன்னலுக்கு நேராக அது வீசாதபடி சற்றே திருப்பியும் வைத்தோம்.

உண்மையான கேஸ் கசிவு பின்னால் வந்தது. குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் உள் எந்திரத்தின் சுருளில் பனி படிந்து, காற்று குறைந்து, குளிர்ச்சி போய்விட்டது. ரசீதில் எழுதியிருந்த வரியைக் காட்டினேன். முதலில் தயங்கினார்கள், மறுநாள் மாலை வேறு எந்திரம் வந்தது. சொந்தமாகப் பழையது வாங்கியிருந்தால் கத்திரியின் நடுவில், ஆள் கிடைக்காத நாளில், அந்தச் செலவும் அலைச்சலும் எங்கள் தலையில் விழுந்திருக்கும்.

பச்சைக் குழந்தையை ஏசியில் வைக்கலாமா என்று என் மனைவிக்குப் பெரிய அச்சம் இருந்தது. சளி பிடிக்கும், மாந்தம் வரும் என்றாள். குழந்தை மருத்துவரிடம் நேரில் கேட்டுத் தெளிந்தோம். 26 முதல் 28 டிகிரிக்குள் வைக்கலாம், காற்று குழந்தையின் மேல் நேராகப் படக் கூடாது, ஈரத்துணியோடு வைத்திருக்கக் கூடாது என்றார். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு முறையும் நினைவாக 27-க்கு மாற்றவேண்டியிருந்தது. காற்றின் தகடுகளைக் கூரை நோக்கித் திருப்பி, மின்விசிறியை ஒன்றில் வைத்தோம். தலைக்கு ஊற்றும் நாட்களில் அரை மணி நேரம் முன்பே நிறுத்திவிட்டு, குழந்தையை நன்றாகத் துவட்டிய பிறகே மீண்டும் போட்டோம். சாம்பிராணிப் புகை போடுவதை மட்டும் கைவிடவேண்டியதாயிற்று. மூடிய அறையில் அந்தப் புகை குழந்தையின் மூச்சுக்கு ஆகாது, வெளியேற வழியும் இல்லை என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். தன் அம்மா தனக்குச் செய்ததை விடுகிறோமே என்று என் மனைவி கண் கலங்கினாள், ஆனாலும் விட்டுவிட்டாள். மே மாதம் முழுவதும் குழந்தைக்கு வேர்க்குரு வரவில்லை. அறையின் ஈரப்பதம் இரவில் 55-க்கும் 60-க்கும் இடையே நின்றது. மகள் பால் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கி எழுந்த முதல் காலையில், அவள் முகத்தைப் பார்த்தபோது இத்தனை அலைச்சலும் தகும் என்று தோன்றியது.

செலவு

நான்கு மாத வாடகை 6,800, மாட்டிக் கழற்ற 2,000, தச்சருக்கும் ப்ளைவுட்டுக்கும் 600, மின் இணைப்புக்கு 2,400, சுண்ணாம்புக்கு 1,500. ஆக 13,300 ரூபாய். இரும்பு ஸ்டாண்டைப் பழைய விலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மின்சாரத்தைத் தனியாகப் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அப்போது முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் குறைந்த விலை போய்விடும் என்ற முறை இருந்தது. எங்களுக்கு வழக்கமாக 320 யூனிட் ஆகும். கத்திரி வெயில் அடித்த அந்த இரண்டு மாதத்தில் 700 ஆயிற்று. கட்டணம் ஏறத்தாழ 800-லிருந்து 3,900-க்கு ஏறியது. இரவு ஒன்பது மணி நேரத்துக்குமேல் ஓட்டாமலும், கதவிடுக்கில் துணி வைத்தும், வடிகட்டியைப் பதினைந்து நாளுக்கொரு முறை கழுவியும் வந்த பிறகே இது. எங்களுக்குத் தனி மீட்டர் இருந்தது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலிக்கும் வீடுகளில் கணக்கு முற்றிலும் மாறும். எந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இதுவே இரண்டு மூன்று கோடைகளுக்கான தேவையாக இருந்திருந்தால் வாடகையை விட்டுச் சொந்தமாக இன்வர்ட்டர் ஸ்பிளிட் வாங்கி, இதே கண்ணாடி வழியில் குழாயை விட்டிருப்பேன். போர்ட்டபிளை அப்போதும் வாங்கியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 20 அன்று கழற்றினார்கள். கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிய பிறகே குழாயைப் பிரிக்கவேண்டும் என்பதால் அருகிலேயே நின்று பார்த்தேன். முன்பணம் பத்து நாளில் திரும்பி வந்தது. நான்கு திருகாணி ஓட்டைகளைப் புட்டியால் அடைத்து, மிச்சமிருந்த பெயிண்டைத் தொட்டுவைத்தேன். கண்ணாடி பரணிலிருந்து இறங்கித் தன் இடத்துக்குப் போயிற்று. வீட்டுக்கார அம்மா மேலே வந்து ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார், சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். 16 ஆம்பியர் பிளக் அப்படியே இருக்கட்டும் என்றார். படியிறங்கும்போது திரும்பி நின்று, ‘அந்தச் சுண்ணாம்பை மட்டும் அடுத்த பங்குனியில மொட்டைமாடி முழுசுக்கும் அடிச்சிடலாம் சார், பாதிச் செலவு நான் தரேன்’ என்றார்.